ஜப்பான் நம்மள வரச் சொல்லுதா, போகச் சொல்லுதா?

கேள்வி: 2025 நவம்பர் 17

அண்ணே, நான் திருச்சிப் பக்கம். நர்சிங் முடிச்சிருக்கேன், ஜப்பானிய மொழித் தேர்வுல என்4 நிலை பாஸ். சிபா பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல கைகோ, அதாவது முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஆஃபர் வந்திருக்கு. வீட்ல வேணாம்ங்கறாங்க. யூட்யூப் பூரா ஜப்பான்ல வெளிநாட்டுக்காரங்களை விரட்டறாங்க, புது பிரதமர் வந்ததுல சீனாகூட சண்டை வரப்போகுது, இன்னும் அஞ்சு வருஷத்துல கதவை மூடிருவாங்கன்னு ஓடுது. அங்கயே இருக்கறவங்க சொல்லுங்க, நெஜமாவே அப்படியா?

2025 நவம்பர் 17, ராத்திரி

கதவை மூடப்போற நாடு உனக்கு எதுக்கு தம்பி ஆஃபர் லெட்டர் அனுப்புது, அதை மொதல்ல வீட்ல கேளு.

2024ல இங்க பொறந்த ஜப்பானியக் குழந்தைங்க 6,86,000 சொச்சம். ஏழு லட்சத்துக்குக் கீழ போனது அதுதான் மொத தடவை. அந்த ஒரே வருஷத்துல ஜப்பானியரோட எண்ணிக்கை ஒன்பது லட்சம் கொறைஞ்சுது. 2040ல முதியோர் பராமரிப்புக்கு 27 லட்சம் பேர் வேணும், அதுல 5 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு ஆள் பத்தாதுன்னு சுகாதார அமைச்சகமே கணக்கு போட்டு வச்சிருக்கு. வீட்டுக்கே போய்ப் பாத்துக்கற வேலையைக்கூட இந்த ஏப்ரல்லதான் டொகுதெய் கினோங்கற திறன் தொழிலாளி விசாக்காரங்களுக்குத் திறந்து விட்டாங்க. இது மூடற ஆளு பண்ற வேலையா?

ஆனா வீடியோக்காரங்க சொல்றது முழுப்பொய்னும் தள்ள முடியாது. ஜூலை மேலவைத் தேர்தல்ல ஜப்பானியர்தான் முதல்லன்னு கோஷம் போட்ட சன்செய்தோ கட்சி 14 சீட்டு ஜெயிச்சுது. கொரோனா நேரத்துல யூட்யூப்ல தடுப்பூசிக்கு எதிரா பேசிட்டுக் கெடந்தவங்க. இப்ப பெரிய கட்சிங்க எல்லாம் அவங்க பாஷையில பாதியை எடுத்துப் பேச ஆரம்பிச்சிருக்கு. தக்காயிச்சி பிரதமர் ஆகறதுக்கு முன்னாடி கட்சித் தலைவர் போட்டியில பேசினப்ப நாராவுல டூரிஸ்ட்டுங்க மானை எட்டி உதைக்கறாங்கன்னுதான் ஆரம்பிச்சாங்க. நாரா அவங்க சொந்த ஊர், அந்த மானுங்க அங்க சாமி மாதிரி, எங்க தொட்டா வலிக்கும்னு தெரிஞ்சுதான் தொட்டாங்க.

2025 நவம்பர் 18

கூடவே இதையும் சொல்லிடறேன், இல்லேன்னா நான் ஜப்பான் ஏஜென்ட்டுன்னு எவனாவது வருவான்.

நான் வந்தது 2012. அப்ப இங்க இருந்த வெளிநாட்டுக்காரங்க மொத்தம் 20 லட்சம். இந்த ஜூன் கணக்குல 39 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல. ஆள் டபுள் ஆயாச்சு, ஆனா வீடு தேடற அனுபவம் அப்படியேதான் இருக்கு. நீ புரோக்கர் ஆபீஸ்ல உக்காந்திருப்ப, அந்த ஆள் உன் கண்ணு முன்னாடியே வீட்டுக்காரருக்கு போன் பண்ணி, ஆள் வெளிநாட்டுக்காரர், ஆனா ஜப்பானிய மொழி நல்லா பேசறார், நல்ல கம்பெனின்னு ரொம்பப் பணிவா கேப்பாரு, அப்புறம் போனை வச்சுட்டு உங்கிட்ட தலையைக் குனிஞ்சு மன்னிப்புக் கேப்பாரு, அடுத்த வீட்டுக்கு டயல் பண்ணுவாரு. யாரும் கத்த மாட்டாங்க. கத்தினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். நீதி அமைச்சகம் 2016ல எடுத்த சர்வேல வீடு தேடினவங்கள்ல 39 சதவீதம் பேர் வெளிநாட்டுக்காரர்ங்கறதால வீடு கெடைக்காமப் போச்சுன்னு சொன்னாங்க. எனக்கு அந்த எண்ணு கம்மியாத்தான் தெரியுது.

டோக்கியோ நிஷி-கசாய்ல இவ்வளவு இந்தியர் ஏன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. 2000 வருஷ கம்ப்யூட்டர் பிரச்சினைக்கு வந்த ஐடி ஆளுங்க தோசாய் லைன்ல ஒரே ட்ரெயின்ல கயாபாச்சோ, ஓத்தெமாச்சி ஆபீஸ் போயிடலாம்னு இங்க தங்கினாங்க, அது பாதிக் காரணம். மீதி பாதி யூஆர் குடியிருப்பு. அரசுச் சார்பு வாடகை வீடு, ஜாமீன் கையெழுத்து வேணாம், வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் வேணாம், சம்பளக் கணக்கைக் காட்டினா சாவி. வெளில இடம் கெடைக்காதவன் எல்லாம் கெடைச்ச இடத்துல சேந்ததுக்குப் பேரு இன்னிக்கு லிட்டில் இந்தியா. டீவிக்காரங்க தீபாவளிக்கு வந்து கலர் கலரா படம் புடிச்சிட்டுப் போறாங்க.

2025 நவம்பர் 20

சீனா சண்டை பத்தி நெறையப் பேர் கேட்டுட்டீங்க.

நடந்தது இதான். நவம்பர் 7ம் தேதி கீழவைக் கமிட்டியில எதிர்க்கட்சி ஒகாதா, முன்னாள் வெளியுறவு அமைச்சர், கிடுக்கிப்பிடி போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. தைவான்ல சீனா போர்க்கப்பலோட பலத்தைக் காட்டினா அது ஜப்பானோட இருப்புக்கே ஆபத்தான நிலைமை ஆகலாம்னு பிரதமர் சொல்லிட்டாங்க. 2015 பாதுகாப்புச் சட்டத்துல அந்த நிலைமைன்னு அரசு முடிவு பண்ணிட்டா படையை எறக்கலாம். இதுக்கு முன்னாடி இருந்த பிரதமருங்க எல்லாம் குறிப்பிட்ட உதாரணத்துக்குப் பதில் சொல்றது சரியில்லைன்னு நழுவிடுவாங்க. ஒசாகாவுல இருக்கற சீனத் தூதரக அதிகாரி கழுத்தை வெட்டணும்ங்கற தொனியில பதிவு போட்டுட்டு அப்புறம் அழிச்சாரு. 14ம் தேதி சீனா தன் ஜனங்களை ஜப்பானுக்குப் போகாதீங்கன்னு சொல்லிருச்சு. நேத்து கடல் உணவையும் நிறுத்தியாச்சு.

கடல் உணவுதான் எனக்கு வயிறு எரியுது. ஃபுகுஷிமா அணு உலைத் தண்ணியை 2023 ஆகஸ்ட்ல கடல்ல விட்டப்ப சீனா எல்லாத்தையும் தடை பண்ணுச்சு. ஹொக்கைடோ ஹொத்தாதே சிப்பிக்குப் பெரிய கிராக்கியே சீனாதான், ஓடு உரிச்சு வேற நாட்டுக்கு அனுப்பற வேலையும் அங்கதான் நடந்துட்டு இருந்துச்சு. ரெண்டு வருஷம் தவிச்சு, வியட்நாம், மெக்சிகோன்னு உரிக்கறதுக்கு ஆளைத் தேடி, இந்த ஜூன்ல ஒரு வழியா பாதித் தடை நீங்கி, நவம்பர் 5ம் தேதிதான் 6 டன் சிப்பி சீனாவுக்குக் கெளம்புச்சு. அது கெளம்பின ரெண்டாவது நாள் பார்லிமென்ட்ல இந்தப் பேச்சு.

போர் வருமான்னு கேக்கறவங்களுக்கு: 2012ல நான் வந்த வருஷமே செப்டம்பர்ல, சீனாவும் உரிமை கொண்டாடற சென்காகு தீவை ஜப்பான் அரசு தனியார்கிட்ட இருந்து வாங்கி தேச உடைமை ஆக்கினதுல சீனாவுல ஊருக்கு ஊர் ஜப்பான் காரை ஒடைச்சாங்க, சிங்தாவ்ல ஜஸ்கோங்கற ஜப்பான் கடையையே சூறையாடினாங்க. அப்ப எங்க ஆபீஸ்ல இருந்த சீனப் பொண்ணு ஸ்டேஷன்ல போன் பேசறப்ப குரலைத் தாழ்த்திப்பா. இந்தத் தடவை அப்படித் தெருவுல ஒண்ணும் இல்ல, ரெண்டு பக்கமும் எல்லாம் சர்க்குலர்லயே நடக்குது.

2025 நவம்பர் 21

போர் போர்னு பயப்படறவங்களுக்கு ஒரு தகவல். ஜப்பான் தற்காப்புப் படை இந்த மாசம் ஆக்கிதா மாகாணத்துல எறங்கிருச்சு. எதிரி: கரடி. கிராமத்துல ஆளுங்க கொறைஞ்சு, இருக்கற வேட்டைக்காரங்களும் தாத்தாவாயிட்டாங்க, கூண்டு தூக்கறதுக்குக்கூட பட்டாளம் வேண்டியிருக்கு. கரடியைச் சுட அவங்களுக்கு அனுமதி இல்ல, கூண்டு தூக்க மட்டும்தான்.

2025 நவம்பர் 24

லீவு நாள். ரெண்டு மூணு நாளா யோசிச்சதை எழுதிப் பாக்கறேன்.

சொல்லாம செய்யறவன் பெரியவன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. இந்த நாட்டு அரசாங்கம் அதை அளவுக்கு மீறி எடுத்துக்கிச்சுன்னு எனக்குப் படுது. எழுபது வருஷமா ரெண்டு பெரிய காரியத்தை ஜனங்ககிட்ட நேராச் சொல்லாமயே பண்ணிட்டு வந்திருக்காங்க, ஒண்ணு பட்டாளம், இன்னொண்ணு வெளிநாட்டுத் தொழிலாளி.

பட்டாளத்தைப் பாருங்க. 1947ல அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தோட 9வது பிரிவு படை வச்சுக்க மாட்டோம்னு சொல்லுது, ஒரு எழுத்து மாறல. ஆனா 1950ல கொரியப் போர் வந்ததும் போலீஸ் ரிசர்வுன்னு ஒண்ணு, 1954ல தற்காப்புப் படை, 2014ல அபே மந்திரிசபை அதே பிரிவுக்குப் புது விளக்கம், 2022 டிசம்பர்ல எதிரி நாட்டுத் தளத்தையே திருப்பி அடிக்கற ஏவுகணை வாங்கலாம்னு முடிவு, அஞ்சு வருஷத்துக்கு 43 லட்சம் கோடி யென். இதுல எதுக்கும் சட்டத்தைத் திருத்தி ஜனங்ககிட்ட ஓட்டு கேட்டது கெடையாது.

தொழிலாளியும் அதே கதை. 1993ல ஆரம்பிச்ச பயிற்சித் திட்டம், காகிதத்துல வளரும் நாட்டுக்குத் தொழில்நுட்பம் கத்துக் குடுக்கறது. நெஜத்துல கோழிப்பண்ணை, கட்டட வேலை, தையல், கோஸ் அறுவடை. வேலை மாறக்கூடாது, ஓடிப்போனா சட்டவிரோதம். 2018ல டொகுதெய் கினோ சட்டம் வந்தப்பவும் அபே பார்லிமென்ட்ல இது குடியேற்றக் கொள்கை இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாரு. ஆக ஊர்ல கொன்பினிக் கடையில நேபாளத்துப் பையன் நிக்கறான், பாட்டியைக் குளிப்பாட்டறது மியான்மர் பொண்ணு, ஆனா அரசாங்கம் சொல்றபடி பாத்தா குடியேற்றமே நடக்கல. ஒரு வீட்ல சம்பந்தியைக் கேக்காம கல்யாணத்தை முடிச்சுட்டு அப்புறம் பத்திரிகை நீட்டினா எப்படி இருக்கும், அந்தக் கோவம்தான் இப்ப ஓட்டா விழுதுன்னு நெனைக்கறேன். மொழி வகுப்பு, பள்ளிக்கூடத்துல உதவி, குப்பை பிரிக்கறது சொல்லித் தர்றது எல்லாம் அந்தந்த நகராட்சி தலையில கட்டிட்டு மத்திய அரசு நழுவிக்கிச்சு.

ஹோம்டவுன் விவகாரம் ஞாபகம் இருக்கா? ஆகஸ்ட்ல யோகோஹாமாவுல ஆப்பிரிக்க மாநாடு நடந்தப்ப ஜப்பான் அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பு ஜைக்கா நாலு ஊரை நாலு நாட்டுக்கு ஜோடி போட்டுச்சு. கிசராசுக்கு நைஜீரியா, நகாய்க்கு தான்சானியா, சன்ஜோவுக்கு கானா, இமாபரிக்கு மொசாம்பிக். பேஸ்பால் சொல்லித் தர்றது, ஆள் போக்குவரத்துன்னு சாதாரண விஷயம்தான். நைஜீரியா பக்கம் தனி விசா தரப்போறாங்கன்னு தப்பா அறிக்கை விட்டுட்டு அப்புறம் திருத்திக்கிட்டாங்க, அதுக்குள்ள நம்ம ஊரை ஆப்பிரிக்காவுக்கு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு நகராட்சி போன் எல்லாம் ஜாம். செப்டம்பர் 25ம் தேதி ஜைக்கா திட்டத்தையே ரத்து பண்ணிருச்சு. நம்ம சென்னை மெட்ரோவுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீருக்கும் கடன் குடுத்த அதே ஜைக்காதான். தப்பான செய்திக்கு இவ்வளவு பேர் அலறினதுக்குக் காரணம், அரசாங்கம் சொல்லாமலே செஞ்சிருக்கும்னு அவங்க அனுபவத்துல நம்பினதுதான்.

2025 நவம்பர் 25

கீழ ஒருத்தர், எல்லா நாட்டுலயும் இனவெறி இருக்கு, நீங்க அரசாங்கத்து மேல பழி போட்டு ஜனங்களுக்கு வக்காலத்து வாங்கறீங்கன்னு எழுதியிருக்கார். கொஞ்சம் வக்காலத்துதான். ஆனா அரிசியைப் பாருங்க. இந்த மே மாசம் 5 கிலோ 4,200 யென்னைத் தாண்டிருச்சு, ஒரு வருஷத்துல டபுள். விவசாய அமைச்சர் நான் அரிசி காசு குடுத்து வாங்கினதே இல்ல, ஆதரவாளருங்க குடுத்து வீட்ல கொட்டிக் கெடக்குன்னு பேசிப் பதவியை விட்டாரு. யென் விழுந்து கெடக்கு, டாலருக்கு 155. கியோத்தோவுல உள்ளூர் பாட்டிக்கு பஸ்ல எடம் இல்ல, ஜின்சாவுல டூரிஸ்ட்டு பை பையா வாங்கறான். சம்பளம் ஏறாதவன் அதைப் பாத்தா என்ன நெனைப்பான்? 2024ல வந்த டூரிஸ்ட்டு மட்டும் 3 கோடியே 68 லட்சம். டூரிஸ்ட்டு மேல வர்ற எரிச்சல் எல்லாம் இங்கயே வரி கட்டிட்டு வாழற நம்ம கணக்குல எழுதப்படுது.

நம்ம கணக்கையும் சொல்லணும்ல. நான் வந்தப்ப ஒரு யென்னுக்கு 65 பைசா பக்கம். இப்ப 57.

2025 நவம்பர் 30

கொரியா பத்தி ஒருத்தரும் கேக்கல, நானே எழுதறேன், ஏன்னா சீனச் சண்டை எப்படிப் போகும்னு ஊகிக்க அதுதான் உதவும்.

2018 அக்டோபர்ல தென்கொரிய உச்ச நீதிமன்றம் போர்க்காலக் கட்டாய வேலைக்கு ஜப்பான் கம்பெனி நஷ்ட ஈடு தரணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. 2019 ஜூலைல ஜப்பான் சிப் செய்யறதுக்கு வேண்டிய மூணு வேதிப் பொருளுக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு. அங்க ஜப்பான் வேண்டாம்னு புறக்கணிப்பு, பீர் விற்பனை படுத்துருச்சு, யூனிக்ளோ காலி. அந்தச் சமயத்துல ஷின்-ஓகுபோ போனேன், கொரியக் கடைத்தெரு, ஜப்பானியப் பள்ளிக்கூடப் பொண்ணுங்க சீஸ் ஹாட் டாக் வாங்க வரிசையில நிக்க எடம் இல்ல. டீவில ரெண்டு அரசும் மூஞ்சியைத் திருப்பிட்டு இருக்கு, இங்க சாஸ் வழிய சாப்பிட்டுட்டு இருக்காங்க. 2023 மார்ச்ல கொரிய அதிபர் யூனோட அரசு நஷ்ட ஈட்டைத் தன் நாட்டு நிதியிலயே குடுத்துக்கறேன்னு எறங்கி வந்துச்சு. 2024ல ஜப்பானுக்கு வந்த டூரிஸ்ட்டுல முதலிடம் கொரியர்தான். யூன் போய் இடதுசாரி லீ ஜே-மியுங் வந்தா எல்லாம் கெட்டுரும்னாங்க, அவரு ஆகஸ்ட்ல வாஷிங்டனுக்கு முன்னாடி டோக்கியோவுக்கு வந்தாரு. தக்காயிச்சியும் பிரதமரானதும் மொத பிரஸ் மீட்லயே கொரிய நோரி கடல்பாசி புடிக்கும், மேக்கப் சாமான் அவங்களுதுதான், சீரியலும் பாக்கறேன்னு சொன்னாங்க. போர்ல செத்த ஜப்பான் சிப்பாய்ங்களுக்கான யசுகுனி கோயில் விஷயத்துல கொரியாக்காரங்களை எரிச்சல் படுத்தினவங்கதான்.

காரணம் பாசம் இல்ல. டிரம்ப் 15 சதவீத வரி போட்டு, ஜப்பான்கிட்ட மட்டும் 55 ஆயிரம் கோடி டாலர் முதலீடுன்னு கையெழுத்து வாங்கினப்ப ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல அடி. சீனாகூட இப்படி சீக்கிரம் சரியாகாது, அங்க அமெரிக்காவும் தைவானும் நடுவுல இருக்கு.

2025 டிசம்பர் 3

யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் தனிச் செய்தியில கேட்டிருந்தா, நகோயாவில செத்த எங்கட பிள்ளையைப் பற்றி ஏன் ஒருத்தரும் எழுதேல்ல எண்டு. நியாயமான கேள்வி அக்கா.

2021 மார்ச் 6ம் தேதி, 33 வயசு இலங்கைப் பொண்ணு, மாணவியா வந்து விசா முடிஞ்சுபோய் நகோயா குடிவரவுத் தடுப்பு மையத்துல இருந்தவங்க, உடம்புக்கு முடியலைன்னு மாசக்கணக்கா சொல்லிச் சொல்லி எடை கொறைஞ்சு அங்கயே எறந்துட்டாங்க. தங்கச்சிங்க இங்க வந்து கேமரா பதிவு கேட்டுப் போராடினாங்க. அந்த வருஷம் அரசு கொண்டுவந்த குடிவரவு மசோதாவையே வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. அதுக்காகத் தெருவுக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஜப்பானியர், அதையும் சொல்லணும். ஆனா 2023 ஜூன்ல கிட்டத்தட்ட அதே மசோதா திரும்ப வந்து பாஸ் ஆச்சு, மூணாவது தடவை அகதி மனு போட்டவங்களைத் திருப்பி அனுப்பலாம். 2024ல ஜப்பான் அகதின்னு ஏத்துக்கிட்டது மொத்தம் 190 பேர்.

இதுல எனக்குத் தொண்டையில நிக்கறது என்னன்னா, 1951ல சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுல ஜப்பான்கிட்ட நஷ்ட ஈடு வேண்டாம்னு புத்தர் வாக்கைச் சொல்லிப் பேசினவரு இலங்கை நிதி அமைச்சரா இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன. காமகுரா பெரிய புத்தர் கோயில்ல அவருக்கு நினைவுக்கல்லே இருக்கு. ஜே.ஆர். பேரைக் கேட்டா தமிழங்களுக்கு 83தான் ஞாபகம் வரும், அது வேற கதை, ஆனா ஜப்பானியர் அந்தக் கல்லு முன்னாடி கும்பிட்டுட்டுப் போறதைப் பாத்திருக்கேன்.

2025 டிசம்பர் 8

சனிக்கிழமை ஒகினாவா பக்கத்துல சீனப் போர் விமானம் ஜப்பான் எஃப்-15 மேல, குறி வைக்கற மாதிரி ரேடாரைப் பூட்டிருச்சு. மேல சர்க்குலர்லயே நடக்குதுன்னு எழுதினேன், அது டோக்கியோவுல உக்காந்து பாக்கறவன் கணக்கு. ஜப்பானோட மேற்குக் கோடி யோனகுனி தீவுல இருந்து தைவான் 110 கிலோமீட்டர், டோக்கியோ ரெண்டாயிரம் கிலோமீட்டர். அங்க 2016ல படை முகாம் வந்துச்சு. யோனகுனியும் சேந்த சாகிஷிமா தீவுகள்ல இருக்கற ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரை ஆறு நாள்ல கியூஷு, யாமகுச்சிக்கு கப்பல்லயும் விமானத்துலயும் கொண்டுபோக அரசு திட்டம் போட்டு வச்சிருக்கு. மாட்டை வச்சிருக்கறவன் மாட்டை என்ன பண்றதுன்னு அதுல பதில் இல்லைன்னு அங்கத்து ஆளுங்க கேக்கறாங்க. ஒகினாவா ஜப்பான் நெலப்பரப்புல 0.6 சதவீதம், அமெரிக்கத் தளங்களோட பரப்புல 70 சதவீதம் அங்க. சண்டைன்னு வந்தா மொத அடி யாருக்குன்னு அவங்களுக்கு 1945 ஒகினாவா சண்டையிலேர்ந்தே தெரியும்.

2025 டிசம்பர் 10

விசா, லைசென்ஸ் பத்திக் கேட்டவங்களுக்குச் சுருக்கமா. இந்திய லைசென்ஸை மாத்தற எழுத்துத் தேர்வு முன்னாடி பத்து கேள்வி, ஏழு சரியா இருந்தா போதும். அக்டோபர் 1லேர்ந்து அம்பது கேள்வி, நாப்பத்தஞ்சு சரியா இருக்கணும். ஓட்டிக் காட்டற பரீட்சையும் கஷ்டம்தான், திரும்பறதுக்கு முன்னாடி தோளைத் திருப்பிப் பாக்கற மாதிரி நடிக்கணும், பாத்தா மட்டும் பத்தாது, பாத்தது பக்கத்துல உக்காந்திருக்கறவருக்குத் தெரியணும். டூரிஸ்ட்டுங்க ஓட்டல் விலாசத்தைக் குடுத்து லைசென்ஸ் வாங்கினதை நிறுத்தினது சரிதான், அதுல நான் ஜப்பான் பக்கம்.

தொழில் விசா வேற மாதிரி. முதலீடு 50 லட்சம் யென்னா இருந்ததை அக்டோபர் 16லேர்ந்து 3 கோடி ஆக்கிட்டாங்க. டம்மி கம்பெனி வச்சு வர்றவங்களைத் தடுக்கறதுக்குன்னு சொன்னாங்க. ஆனா ஊருக்கு ஊர் இந்தியக் கொடி போட்டு நான் ரொட்டி, பட்டர் சிக்கன் விக்கற நேபாளிக் கடைக்காரன் எங்க போவான் 3 கோடிக்கு? ஏற்கனவே இருக்கறவங்களுக்கு மூணு வருஷ அவகாசம்.

2025 டிசம்பர் 16

டோக்கியோ உயேனோ மிருகக்காட்சி சாலை பாண்டா ரெண்டையும் ஜனவரி கடைசியில சீனாவுக்கு அனுப்பறாங்கன்னு நேத்து அறிவிச்சாச்சு. வாகயாமா பாண்டாங்க ஜூன்லயே போயாச்சு. 1972லேர்ந்து முதல் தடவையா நாட்டுல பாண்டாவே இருக்காது. எங்க ஆபீஸ்ல தைவான் பத்தி வாயே தெறக்காத மேனேஜர் இன்னிக்கு ரொம்பச் சோகம்.

பாண்டாவை விட எனக்குப் பெரிசாத் தெரியறது கொமெய்தோ கட்சி வெலகினது. 1972 ஜூலைல அந்தக் கட்சித் தலைவர் தக்கேயிரி பெய்ஜிங் போய் சீனப் பிரதமர் சூ என்லாய் சொன்ன நிபந்தனையைக் குறிச்சுக்கிட்டு வந்து ஜப்பான் பிரதமர் தனாகா கையில குடுத்தாரு, செப்டம்பர்ல ரெண்டு நாட்டுக்கும் உறவு ஏற்பட்டுச்சு. அதுலேர்ந்து பெய்ஜிங்க்கு பின்வாசல் தூது அவங்கதான். 26 வருஷம் ஆளுங்கட்சிகூட ஒட்டிக்கிட்டு இருந்தவங்க அக்டோபர் 10ம் தேதி பிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, சரியா நாலு வாரத்துல தைவான் பேச்சு. முன்னாடியா இருந்தா யாராவது ராத்திரியோட ராத்திரியா போன் போட்டுச் சமாதானம் பண்ணியிருப்பாங்க.

2025 டிசம்பர் 27

ஆகஸ்ட்ல மோடி வந்தப்ப அஞ்சு வருஷத்துல அஞ்சு லட்சம் பேர் ரெண்டு பக்கமும் போய்வர்றது, அதுல இந்தியாவுலேர்ந்து 50 ஆயிரம் தொழிலாளிங்கன்னு ஒப்பந்தம் போட்டாங்க. அதைக் காட்டி நாகர்கோவில்லேர்ந்து ஓசூர் வரைக்கும் ஏஜென்ட்டுங்க மொளைச்சிருக்காங்கன்னு மெசேஜா வருது. ஏஜென்ட்டுக்குக் காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

வியட்நாம் பசங்க பயிற்சித் திட்டத்துல வர்றதுக்குச் சராசரியா ஏழு லட்சம் யென் கிட்ட ஏஜென்ட்டுக்குக் குடுத்திருக்காங்க, பெரும்பாலும் கடன். கடன் இருந்ததாலதான் அடிச்சாலும் திட்டினாலும் பொறுத்துக்கிட்டாங்க. அந்தத் திட்டத்தை 2027 ஏப்ரல்ல மூடிட்டு வர்ற புதுத் திட்டத்துல ரெண்டு மாசச் சம்பளத்துக்கு மேல கட்டணம் வாங்கக்கூடாதுன்னு வரம்பு வச்சிருக்காங்க, வேலையும் மாறலாம். டொகுதெய் கினோவுக்குத் தேர்வுகளை நீயே எழுதலாம், நேரடியா கம்பெனிகூட ஒப்பந்தம் போடலாம். முதல் நிலை அஞ்சு வருஷம், குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியாது. கைகோ வேலையில அதுக்குள்ள கைகோ ஃபுகுஷிஷிங்கற பராமரிப்பாளர் தேசியத் தேர்வு பாஸ் பண்ணிட்டா விசா மாறும், குடும்பத்தையும் கொண்டு வரலாம், புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். அந்தத் தேர்வு ஜப்பானிய மொழியில, என்4 வச்சுக்கிட்டு நடக்காது, ரெண்டு படி மேல இருக்கற என்2 மாதிரி வேணும்.

டோக்கியோவுல இப்ப குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென். சம்பளக் கடிதத்துல தங்குமிட வாடகை, கரண்ட்டு, ஃபுட்டோன் மெத்தை வாடகைன்னு எவ்வளவு புடிக்கறாங்கன்னு வரி வரியா எழுதித் தரச் சொல்லுங்க. ஃபுட்டோனுக்கு மாசா மாசம் வாடகை போட்டவனைப் பாத்திருக்கேன், நிதோரிக் கடையில புதுசே மலிவு.